பனியைத் தாங்கும் பாதம் உப்பைத் தாங்காது

வடமாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்திருக்கும் இளையவர்கள் சிலர் டிசம்பர் பிறந்ததும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: விடுதி வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக் காலணி வாங்கிப் போடலாமா? கேள்வியில் உள்ள ஈரம் போற்றத்தக்கது. ஆனால் விடை ஆம், இல்லை என்ற ஒரு சொல்லில் அடங்காது. களப்பணிக்காக ஸ்ரீநகரில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தபோது கண்டவற்றையும், பின்னர் படித்துத் தெளிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

மொழியியல் படித்த பழக்கத்தால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கே பெயரிட்ட மொழி நம்முடையது. ஆயினும் அப்பருவங்களில் நம் முற்றத்தில் இறங்குவது வெண்பனி அன்று. கஷ்மீரியில் வானிலிருந்து விழும் வெண்பனி 'ஷீன்'. கூரை விளிம்பில் ஈட்டிபோல் தொங்கும் பனிக்கூர் 'ஷிஷர்காண்ட்'. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்குச் 'சில்லாய் கலான்' என்று பெயர். நாற்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. அதன்பின் 20 நாள் 'சில்லாய் குர்த்', இறுதியாக 10 நாள் 'சில்லாய் பச்சா'. பெரியது, சிறியது, குழந்தை எனக் குளிருக்கும் ஒரு குடும்பம். 2024 டிசம்பர் 21 அதிகாலையில் ஸ்ரீநகரின் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதம் கண்ட மிகக் குளிர்ந்த இரவு அது.

பனியின் வகைகளைப் பிரித்தறிவது நாயின் பாதத்தைப் பொறுத்தவரை வெறும் சொல்லாராய்ச்சி அன்று. புதிதாக விழுந்த உலர்ந்த பனி பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. இளகத் தொடங்கிய ஈரப்பனி விரல்களுக்கு இடையிலுள்ள மயிரில் ஒட்டி, நடக்க நடக்க இறுகிக் கோலிக்குண்டுபோல் உருண்டைகளாகிறது. அவை விரல்களை அகட்டி, இடையிலுள்ள மெல்லிய தோலை அறுக்கின்றன. பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த பனியின் மேலோடு கண்ணாடிச் சில்லைப்போல் கிழிக்கும். இம்மூன்றோடு நாலாவது ஒன்றும் உண்டு: மனிதன் உப்பிட்ட பனிச்சேறு. இந்தப் பதிவு முதன்மையாக அதைப் பற்றியதுதான்.

வெறுங்காலுடன் பனியில் நிற்கும் நாயைக் கண்டால் நமக்கு உடல் நடுங்குகிறது. ஆனால் அந்தக் கால் நம் கால் போன்றதன்று. உள்ளங்காலின் திண்டுகள் தடித்த தோலாலும், அதனடியில் கொழுப்பாலும் இணைப்புத் திசுவாலும் ஆனவை. தோக்கியோவைச் சேர்ந்த ஹிரோயோஷி நினோமியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அத்திண்டுகளுக்குள் தமனிகளைச் சுற்றிச் சிரைகள் வலைபோல் பின்னியிருப்பதைக் காட்டியது. கீழிறங்கும் சூடான குருதி, மேலேறும் குளிர்ந்த குருதிக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. இதனால் உடலின் வெப்பம் கால்வழியே வீணாவதில்லை. அதற்கும் முன்பே, 1972இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஓநாயும் துருவ நரியும் மிகக் கடுங்குளிரிலும் தம் பாதத்தைத் திசு உறையும் நிலைக்குச் சற்று மேலேயே, ஏறத்தாழ மைனஸ் 1 டிகிரியில், காத்துக்கொள்வதைப் பதிவுசெய்தது. இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. குட்டிகள், முதிய நாய்கள், நோயுற்றவை, குட்டை மயிர் கொண்ட சமவெளி இனங்கள் ஆகியவற்றுக்கு அந்த எல்லை விரைவில் வந்துவிடும். எனினும் பொதுவாகச் சொன்னால், குளிரை எதிர்கொள்ளும் கருவி அந்தப் பாதத்திலேயே இருக்கிறது. உப்பை எதிர்கொள்ளும் கருவிதான் இல்லை.

நான் குடியிருந்த சந்தில் ஷேரூ என்று எல்லோரும் அழைக்கும் ஒரு நாய் இருந்தது. யாருக்கும் உரியதன்று, சந்துக்கே உரியது. ஜனவரி முதல் வாரத்தில் அது முன்னங்காலை ஓயாமல் நக்குவதையும், மூன்று காலில் தத்துவதையும் கண்டேன். தெருநாய்க்கு நொண்டுதல் வெறும் வலியன்று. காலூன்ற முடியாத நாயை அடுத்த சந்தின் நாய்கள் துரத்திவிடும். இடம் போனால் உணவும் போகும். குறியியலில் புகையைத் தீயின் சுட்டுக்குறி என்போம். தீ இருப்பதால்தான் புகை, யாரும் சொல்ல நினைத்து எழுப்புவதன்று. நாயின் நக்குதலும் அப்படித்தான். அது நம்மிடம் முறையிடுவதில்லை. பார்ப்பவர்தான் படித்தறிய வேண்டும்.

ரொட்டியும் பொறுமையுமாக மூன்று நாள் பழகிய பின் நாலாம் நாள் அது தன் காலை என் கையில் விட்டது. திண்டுகள் வெடித்திருந்தன. வெடிப்புகளில் வெண்ணிற உப்புப் பரல்கள் சிக்கியிருந்தன. உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவுமில்லை. வீட்டுக்காரப் பெரியவர் ஒவ்வொரு விடியலிலும் வாசற்படிகளிலும் சந்தின் சரிவிலும் உப்பை அள்ளி வீசுவார். அவருடைய தாயார் முந்தைய குளிர்காலத்தில் அதே படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். ஆகவே அந்த உப்பில் கொடுமை எதுவும் இல்லை. ஒரு மகனின் அச்சம்தான் இருந்தது.

உப்பு செய்வது என்ன? பனியின் உறைநிலையைத் தாழ்த்தி அதை நீராக்குகிறது. ஆனால் அந்த நீர் பூச்சியத்துக்கும் கீழான குளிரில் திரவமாகவே நிற்கும். சாதாரண உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் இருக்க வல்லது. உலர்ந்த பனியைவிடக் குளிர்ந்த அந்த ஈரம் பாதத்தில் ஒட்டி ஊறுகிறது. தோலின் ஈரப்பதத்தை உப்பு உறிஞ்சுகிறது. வெடிப்பில் எரிச்சல் மூட்டுகிறது. எரிச்சலால் நாய் நக்குகிறது. நக்கினால் உப்பு வயிற்றுக்குள் போகிறது. சிறிதளவு போனால் தாகமும் வாந்தியும்; மிகுந்தால் உயிருக்கே இடர். கால்சியம் குளோரைடு கலந்த பொருளென்றால் அது கரையும்போது வெப்பத்தையும் வெளியிடும்.

பெரியவரிடம் பாதத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "என் தாயார் விழாமல் இருக்க வேண்டும், பேட்டா, இதற்கும் காயம் படக்கூடாது. வழி இருந்தால் சொல்" என்றார் உருதுவில். அடுப்புச் சாம்பலைத் தூவலாம் என்பது அவருடைய முதல் யோசனை. ஆனால் விறகுச் சாம்பல் நனைந்தால் காரத்தன்மை கொண்டது. அதுவும் வெடித்த தோலை அரிக்கும். இறுதியில் இருவரும் கண்ட வழி எளியது: பனி மிதிபட்டு இறுகும்முன் விடியலிலேயே மண்வாரியால் தள்ளிவிடுவது, எஞ்சிய இடத்தில் மணல் தூவுவது. மணல் பனியை உருக்காது. ஆனால் காலுக்குப் பிடிமானம் தரும். முதிய தாயாருக்கும் நாய்க்கும் தேவைப்பட்டது அந்தப் பிடிமானமே.

இனி, செய்யத்தக்கவை. வெளியே போய்வந்ததும் நாயின் நான்கு பாதங்களையும் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். நீரின் சூட்டை முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். விரலிடுக்குகளை முழுதும் உலரத் துடையுங்கள். அங்கே ஈரம் தங்கினால் புண் பழுக்கும். பனியுருண்டைகளைப் பிய்க்காதீர்கள், கையின் சூட்டிலோ வெந்நீர்த் துணியிலோ கரைய விடுங்கள். திண்டுகளுக்கு இடையிலுள்ள மயிரைத் திண்டின் மட்டத்துக்கு மட்டும் கத்தரியுங்கள். நகம் நீண்டால் விரல்கள் அகன்று பனி மிகுதியாகப் புகும், அதையும் கவனியுங்கள். வெளியே செல்லுமுன் தேன்மெழுகுக் களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிதாகப் பூசி, திரும்பியதும் துடைத்துவிடலாம். மனிதருக்கான துத்தநாகக் களிம்புகள் வேண்டா, நக்கினால் நஞ்சு. வாகனங்களின் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் இனிக்கும்; சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். அது சிந்திய இடத்தில் நாயை நடக்க விடாதீர்கள்.

பாதம் வெளிறியோ சாம்பல் நிறமாகவோ மாறித் தொடுகையில் விறைத்திருந்தால் அது உறைகாயம். தேய்க்கக் கூடாது, நெருப்பருகே காட்டவும் கூடாது. பெரியவரின் துணைவியார் இரக்கத்தால் தம் காங்கிரிக் கனல்சட்டியை ஷேரூவின் காலடியில் வைக்க முற்பட்டார், தடுத்தேன். மரத்துப்போன தோல் சூட்டை உணராது. வெந்த பிறகுதான் தெரியும். வெதுநீரில் மெல்லச் சூடேற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வலியிலிருக்கும் நாய் கடிக்கும். தெருநாயைக் கையாள விரும்புவோர் வெறிநோய்க்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள்; நானும் களப்பணிக்குக் கிளம்புமுன் போட்டுக்கொண்டேன்.

காலணிக்கு வருவோம். அது புதுமை அன்று. இனுயிட் மக்கள் கூர்மையான பனியில் ஓடும் தம் நாய்களுக்குச் சீல் தோலால் காலுறை தைத்தனர். அலாஸ்காவின் இடிட்டரோட் பந்தயத்தில் ஒரு நாய்க்கு எட்டுக் காலுறைகள் வண்டியிலோ பயன்பாட்டிலோ இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அங்கே ஓட்டுநர் காலுறையை மாட்டுகிறார், கழற்றுகிறார், பாதத்தைப் பார்க்கிறார், நனைந்ததை மாற்றுகிறார். காலுறையைப் பயனுள்ளதாக்குவது அந்தப் பார்வைதான். கழற்ற ஆளில்லாத தெருநாய்க்குக் காலணி மாட்டிவிடுவது ஈரத்தைக் கட்டிவைப்பதாகும். இறுகினால் குருதியோட்டமும் தடைப்படும். நாயின் உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகளும் உண்டு என்பதை மறக்கலாகாது. உங்களோடு வாழ்ந்து உங்களோடு நடந்து திரும்பும் நாய்க்குக் காலணி போடலாம். வாசல் நாய்க்கு வேண்டா.

பீர் பஞ்சால் மலைகளின் பக்கர்வால் மேய்ப்பர்கள் குளிர் வருமுன் ஆடுகளோடும் காவல்நாய்களோடும் ஜம்முவின் தாழ்நிலங்களுக்கு இறங்கிவிடுகிறார்கள். அடர்ந்த மயிர்கொண்ட அந்த மலைநாய்க்குக்கூட அதன் மனிதர்கள் தரும் பெரிய பாதுகாப்பு, தகாத காலத்தில் தகாத இடத்தில் நிறுத்தாமையே. நம் வளாக நாய்களுக்கு இறங்கிப்போக இடமில்லை. அவை நாம் நடக்கும் பாதையில், நாம் கொட்டியதன்மேல் நடக்கின்றன.

எனவே காலணிக்காகச் சேர்க்கும் பணத்தில் இரண்டு மூட்டை மணலும் ஒரு மண்வாரியும் வாங்குங்கள். விடுதிக் காப்பாளரிடம் பேசுங்கள். உப்பிடுபவர் மீது சினம் கொள்ளாதீர்கள், அவர் யாருக்காக அஞ்சுகிறார் என்று கேளுங்கள். வாசலில் உலர்ந்த சாக்கு ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல் விரித்துவையுங்கள். ஷேரூவின் வெடிப்புகள் மூட ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. சில்லாய் குர்த் தொடங்கிய நாள்களில் அது நான்கு காலிலும் ஊன்றி அடுத்த சந்தின் நாயைத் துரத்திக்கொண்டிருந்தது.