மெட்டடார் வேனும் தலக்கோனாவும்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வருகிறவர்களுக்கு நாகலாபுரம் என்றால் மலையேற்றம். சனி, ஞாயிறில் முதுகுப்பையோடு வந்து, ஓடையில் இறங்கி, பாறைக் குளங்களில் நீந்திவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். 1960-இல் இரு மாநிலங்களும் எல்லையைத் திருத்திக்கொண்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சத்தியவேடு வட்டாரம் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2022-இல் சித்தூரைப் பிரித்ததும் நாகலாபுரம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.

ஊரைவிட்டு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது என்னை இழுப்பது ஊர்கூட இல்லை, ஊரிலிருந்து கூட்டாளிகளோடு கிளம்பிப்போன வேன் பயணங்கள். பெரும்பாலும் தலக்கோனாவுக்கு. சேஷாசலம் மலையில் 353 சதுர கிலோமீட்டர் காட்டை 1989-இல் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். தலக்கோனா அருவி அதற்குள் இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குப் போகிறோம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. “அருவிக்குப் போறோம்மா” என்போம். “தண்ணியில ஆட்டம் போடாதீங்கடா” என்று அம்மா சொன்னால் அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம்.

வண்டி ஒரு மெட்டடார். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுக்கு ஓடும், மற்ற நாளில் திருப்பதிக்கு ஆள் ஏற்றும். வேதநாராயண சுவாமி கோயில் கோபுரத்துக்கு எதிரேதான் நிற்கும். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் நினைவாகக் கட்டிய கோயில் அது. மூலவர் மச்சாவதாரப் பெருமாள், இடுப்புக்குக் கீழே மீன். பங்குனி வாக்கில் மூன்று நாள் மாலை வெயில் வாசல்களைக் கடந்து கருவறைக்குள் போகும். முதல்நாள் பாதம், மறுநாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி. அந்த நாட்களில் எவ்வளவு கெஞ்சினாலும் வேன் கிடைக்காது.

டிரைவர் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைப்பார்: கேசட் அவருடையது. ஒரு பக்கம் இளையராஜாவின் தமிழ்ப் பாட்டு, திருப்பிப் போட்டால் இளையராஜாவின் தெலுங்குப் பாட்டு. பாதி வழியில் டேப் சிக்கிக்கொள்ளும். பென்சிலை விட்டுச் சுற்றி எடுக்க வேண்டும். பின்சீட்டைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பம்ப் ஸ்டவ், அலுமினியக் குண்டான், ஜமக்காளம், தூக்குச்சட்டியில் புளிசோறு. சாமான் அவ்வளவுதான்.

பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் என்று வண்டி போகும். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் புத்தூர் அதுதான். “பாறையில வழுக்கி விழுந்தா கவலைப்படாதீங்க, திரும்புற வழியிலதான் கட்டுப் போடுற ஊரு” என்று ஒவ்வொரு தடவையும் அண்ணன் அதையே சொல்வார், நாங்களும் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம். திருப்பதி, சந்திரகிரி தாண்டி பாகராப்பேட்டை மலைப்பாதை ஏறினால் காற்று மாறிவிடும்.

பாகராப்பேட்டைக்கு அப்பால் ஒரு சாயங்காலம் ஸ்டவ் மக்கர் செய்தது. பர்னர் அடைத்துக்கொண்டது, குத்துகிற பின்னை யாரும் எடுத்து வரவில்லை. குடிக்கவும் தண்ணீர் இல்லை. சாலையோரம் ஒரு ஓட்டு வீடு, வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. பாட்டியம்மா ஒருவர் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் தண்ணி வேணும் அவ்வா” என்று தெலுங்கில் கேட்டேன். “ஏ ஊரு நாயனா?” என்றார். நாகலாபுரம் என்றதும், தம் நாத்தனார் மகளைப் பிச்சாட்டூரில் கொடுத்திருப்பதாகச் சொல்லி, அந்த வீட்டைத் தெரியுமா என்றார். தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. எங்கள் குண்டானை வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, இத்தனை ஆம்பளைப் பிள்ளைகளுக்கு இது எந்த மூலைக்கு என்று திட்டினார். பிறகு விறகடுப்பை மூட்டிக் கேழ்வரகுக் களி கிண்டினார். இரண்டு காலாலும் குண்டானை அழுத்திப் பிடித்தபடி அவர் களிக்கோலைச் சுழற்றிய வேகத்துக்கு, உதவப்போன எங்களில் ஒருவனால் நாலு சுற்றுகூட ஈடுகொடுக்க முடியவில்லை. கடலைத் துவையலோடு தின்றோம். காசு நீட்டியபோது வாங்கவில்லை. காலையில் கடலை மூட்டையை வேனில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாகராப்பேட்டை மண்டியில் இறக்கிக் கொடுத்தோம். டிரைவர் அண்ணன் அதற்கு டீசல் கணக்கு பார்க்கவில்லை.

அப்புறம் அருவி. 270 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர். கீழே சித்தேஸ்வர சுவாமி கோயில். வழியெல்லாம் ஆள் தொடை கனத்தில் மரத்துக்கு மரம் முறுக்கிக்கொண்டு போகும் கொடிகள். மேட்டுப் பாறைகளில் செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியை விட்டால் அது இயற்கையாக வளர்கிற காடு உலகில் வேறெங்கும் இல்லை. மிச்சமிருந்த புளிசோற்றைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. அருவிக்கடியில் நின்றபோது தோளில் விழுந்த அடியில் மூச்சு வாங்கியது.

பிற்பாடு கலிபோர்னியாவில் வேலை. அங்கே தமிழும் தெலுங்குமாகச் சில நண்பர்கள் சேர்ந்து ஆர்.வி. என்கிற வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யோசெமிட்டி போனோம். 1890-இல் அமைந்த தேசியப் பூங்கா. முகாமில் இடம் வேண்டுமானால் ஐந்து மாதம் முன்னாலேயே, பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும்; சில நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். வண்டிக்குள் கட்டில், குளிர்பெட்டி, கேஸ் அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஜெனரேட்டரைக் காலை, மதியம், மாலை என்று குறித்த மணிநேரத்தில் மட்டும் ஓட்டலாம். சாப்பாட்டுப் பொருளைக் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கழிவுத் தொட்டியைக் குழாய் மாட்டி அதற்கென்றுள்ள இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். எங்கள் பக்கத்து அருவிக்கரைகளில் குவியும் பிளாஸ்டிக்கைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இந்த விதிகள் ஒவ்வொன்றும் நியாயம். யோசெமிட்டி அருவி 2,425 அடி. தலக்கோனாவைப் போல ஒன்பது மடங்கு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். குறை சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

ஆனாலும் மூன்று ராத்திரி தங்கியதில் நாங்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தேவை வரவில்லை. சாம்பார் பொடி முதல் போர்வை வரை வண்டியிலேயே இருந்தது. பக்கத்து வண்டிக் குடும்பம் நல்லவர்கள். காலையில் கை அசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம். அவர்களுக்கும் எங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. மெட்டடாரில் எதுவும் இல்லாததால்தான் எங்களுக்கு வழிநெடுக மனிதர்கள் கிடைத்தார்கள் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. டீக்கடையில் ஸ்டவ் பின் கேட்டோம், பம்புசெட்டில் தண்ணீர் கேட்டோம், கோயில் மண்டபத்தில் படுக்க இடம் கேட்டோம். கேட்ட இடத்திலெல்லாம் எந்த ஊர், யார் பிள்ளை, சாப்பிட்டாயா என்று பதிலுக்குக் கேட்டார்கள். நான் ஏங்குவது அந்தக் கேள்விகளுக்குத்தான்.

அந்தப் பயணம் இனி அப்படியே திரும்ப வராது என்பதும் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழகத் தொழிலாளர்களை ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அதற்கப்புறம் ராத்திரியில் வேன் நிறையத் தமிழ் பேசுகிற பையன்கள் அந்த மலைப்பக்கம் போகிறார்கள் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? கூட்டாளிகளும் சிதறிவிட்டார்கள். ஒருவன் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறான், ஒருவன் பெங்களூரில், ஒருவன் துபாயில். மெட்டடாரை அண்ணன் எப்போதோ விற்றுவிட்டார்.

இப்போது நம் பக்கத்திலும் கேரவன் வந்துவிட்டது. கேரளம் 2021-இலேயே அதற்கென்று சுற்றுலாத் திட்டம் அறிவித்தது. படுக்கையும் குளியலறையும் உள்ள வண்டியில் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போவது வசதிதான், தாராளமாகப் போங்கள். நாகலாபுரத்து ஓடையிலோ தலக்கோனாவிலோ இறங்குவதற்கு முன் வனத்துறை அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குளத்தின் ஆழத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குதிக்காதீர்கள். கூடவே இன்னொன்று: வண்டியில் எல்லாம் இருந்தாலும் தண்ணீர்க் குடத்தை மட்டும் காலியாக எடுத்துக்கொண்டு போங்கள். வழியில் ஏதாவது ஒரு வீட்டில் நிறுத்திக் கேளுங்கள்.