மாவு கொட்டிய கடிகாரம்

வாசகர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். விடியற்காலை நாலு மணி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது நல்ல தூக்கத்தின் நேரம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ அது மணிச்சத்தம். மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார்களே, அந்தச் சத்தம்! லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும், அடுப்பு புகையும், பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புவார்கள்.

அந்த மணிச்சத்தத்தைத் தேடி ஓர் அம்மா என் பட்டறைக்கு வந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் தச்சு வேலை செய்பவன். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். படிப்பு ஏறவில்லை. பதினாறு வயதில் சுங்கை பட்டாணியில் ஒரு சீனர் மரச்சாமான் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகினேன். பிறகு சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்தேன். சாமி மாடம், அலமாரி, கட்டில் என்று கேட்டதைச் செய்து கொடுத்துப் பிழைத்து வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா வந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, மரங்கள் விழுந்து, இப்போது மகள் வீட்டில் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது.

“தம்பி, எனக்கு ஒரு கடிகாரம் செஞ்சு தரணும். சுவத்துல மாட்டுறது வேணாம். சாமி படத்துக்குப் பக்கத்துல நிக்கணும். மணி அடிக்கணும். ராத்திரி முழிச்சா மணி என்னான்னே தெரியல. பிள்ளைங்கள எழுப்பிக் கேக்க மனசு வரல” என்றார்.

“கடையில் வாங்கலாமே அம்மா?” என்றேன்.

“கடைச் சாமான் இருக்கட்டும். எங்க தோட்டத்து மரத்துல செஞ்சு தா” என்றார்.

வெள்ளைக்காரர் நாட்டில், குளிருக்கு வீட்டுக்குள் நெருப்பு மூட்டும் அடுப்புக்கு மேலே ஒரு பலகை இருக்கும். அதன்மேல் வைப்பதற்கென்றே அழகான மரக் கடிகாரம் செய்வார்கள். நமக்கு ஏது அந்த அடுப்பு? சாமி மேடையே போதும் என்று வேலையை ஒப்புக்கொண்டேன். முன்பணம் 200 வெள்ளி கொடுத்தார்.

முதலில் அட்டையை வெட்டி ஒட்டி, உண்மை அளவிலேயே ஒரு மாதிரி செய்தேன். உயரம் 10 அங்குலம், அகலம் 9 அங்குலம், ஆழம் 5 அங்குலம். அந்த அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்து, “மேல வளைவா இருக்கட்டும், பழைய ரயில் பெட்டி மாதிரி” என்றார். தலைப்பகுதியை வளைத்தேன்.

உள்ளே வைக்க, ஜெர்மனியில் செய்த எட்டு நாள் சாவி இயந்திரம் ஒன்று வாங்கினேன். அதற்கு இரண்டு சாவித் துளை. ஒன்று முள் ஓடுவதற்கு, மற்றது மணி அடிப்பதற்கு. மணிக்கு மணி அந்த எண்ணிக்கையும், அரை மணிக்கு ஒற்றை அடியும் அடிக்கும். கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 180 அடி வரும். “அரை மணிக்கும் அடிக்கும் அம்மா, தொந்தரவா இருக்குமா?” என்று கேட்டேன். “அதுதான் தம்பி வேணும்” என்று சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இந்தக் கடிகாரத்தில் வெண்கல மணி கிடையாது. உலோகக் கம்பிகளைச் சின்னச் சுத்தியல் தட்டும். அந்தக் கம்பிகள் ஓர் இரும்புக் கட்டையில் பொருத்தப்பட்டு, அந்தக் கட்டை பெட்டியின் அடிப்பலகையில் திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கும். ஆகவே பாடுவது கம்பி மட்டுமல்ல, அடிப்பலகையும் சேர்ந்துதான். மிருதங்கத்துக்குப் பலா மரம் எப்படியோ, இதற்கு அந்தப் பலகை அப்படி. தட்டாத நேரத்தில் சுத்தியல் கம்பியைத் தொடாமல் சற்றே விலகி நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டு நின்றால் ‘டங்’ என்று ஒலிக்காது, ‘டொக்’ என்று செத்துவிடும்.

இனி மரத்துக்கு வருகிறேன். என் தவறும் அங்கேதான்.

அந்த அம்மா வேலை செய்த தோட்டத்தில் கடைசிப் பகுதி மரங்களை அப்போது சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டை வாங்கி வந்து பலகையாக அறுத்தேன். பால் நிறத்தில், இலேசான சிவப்போடிய அழகான மரம். கூரைக்கு அடியில் மூன்று வாரம் காயவைத்தேன். இழைப்புளி போட்டதும் பட்டுப்போல் வந்தது. மூலைகளைப் புறாவால் மூட்டாகச் செதுக்கி, ஆணி இல்லாமல் பூட்டினேன். வார்னிஷ் அடித்து, இயந்திரத்தைப் பொருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் மணி அடித்தபோது அந்த அம்மா கை கூப்பினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

நாலு மாதம் கழித்து மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணே, கடிகாரத்துக்குக் கீழே மாவு கொட்டுது.”

எனக்குக் கை கால் ஆடவில்லை. போய்ப் பார்த்தேன். சாமி மேடையில் கோதுமை மாவுபோல் மரத்தூள். பெட்டியில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். திறந்து பார்த்தால் உட்புறம் சல்லடை!

வாசகர்களே, ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அந்த ருசிக்குத்தான் துளைப் பூச்சி வருகிறது. நீலப் பூஞ்சையும் சீக்கிரமே பிடிக்கிறது. அதனால்தான் நம் காலத்தில் அதை விறகாக எரித்தோம், ரப்பர் தகடு காயவைக்கப் புகைக் கொட்டகையில் போட்டோம். அறுத்த சில நாட்களுக்குள் போராக்ஸ் கலந்த மருந்தை ஏற்றி, சூட்டு அறையில் முறையாக உலர்த்தினால் அதே மரம் உறுதியாக நிற்கும். இந்த முறை கைவந்த பிறகுதான், 1980களிலிருந்து நம் நாட்டு ரப்பர் மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறியது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு சின்னப் பெட்டிதானே என்ற அலட்சியம். தொழிலில் முப்பது வருடம் ஆகிவிட்டால் வரும் திமிர் அது.

“அம்மா, தப்பு என்னோடது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுறேன்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “பணம் வேணாம் தம்பி. ஆனா அந்த மரம் இனிமே கிடைக்காதே” என்றார். உண்மைதான். தோட்டத்தில் அதற்குள் மண்ணைச் சமப்படுத்திவிட்டார்கள். மீதி வைத்திருந்த பலகைகளையும் பூச்சி அரித்திருந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டேன்.

கடைசியில் வழி சொன்னவர் அந்த அம்மாவேதான். சமையலறையிலிருந்து ஒரு மணைப்பலகையைக் கொண்டுவரச் சொன்னார். அவர் கணவர் லயத்தில் இருந்த காலத்தில் தோட்டத்து ரப்பர் மரத்தில் செய்துகொடுத்தது. விறகு அடுப்புக்கு முன்னால் அதில் உட்கார்ந்துதான் அவர் பிள்ளைகளுக்குச் சோறாக்கியிருக்கிறார். புகையேறிக் கறுத்துக் கிடந்தது. “இத்தனை வருசமா இதுல பூச்சி வரல பாரு” என்றார்.

தட்டிப் பார்த்தேன். கல் போல ஒலித்தது. ஆனாலும் கை வைக்கப் பயம். “இதை வெட்டணுமா அம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு இப்ப தரையில உக்கார முடியாது தம்பி. சும்மா கிடக்கிறதுக்கு மணி அடிக்கட்டுமே” என்றார்.

பெட்டியைப் புதிதாகச் செய்தேன். பக்கங்களுக்கும் தலைக்கும் மேசை நாற்காலித் தொழிற்சாலையில் மருந்தேற்றி உலர்த்திய ரப்பர் மரம் வாங்கினேன். அடிப்பலகைக்கு அந்த மணை. கீழ்ப்பக்கத்துக் கறுப்பை இழைக்காமல் அப்படியே விட்டேன். கூலி வாங்கவில்லை.

கொண்டுபோய் வைத்தேன். மணி அடித்தது. முதல் கடிகாரத்தைவிட இதன் ஒலி கனமாக இருந்தது. அப்போதுதான் கேட்டேன், “அரை மணி அடிதான் வேணும்னு அன்னைக்குச் சிரிச்சீங்களே, ஏன் அம்மா?”

“மறந்துட்டியா தம்பி? 1982ல நேரத்த மாத்தினாங்களே!” என்றார்.

ஆமாம். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனபோது தீபகற்பம் முழுவதும் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி, 1982 பிறந்துவிட்டது என்றார்கள். அன்றைய நாலு மணிதான் இன்றைய நாலரை. சூரியனும் மரமும் மாறவில்லை. குளிர்ந்த விடியலில்தானே பால் நன்றாக ஓடும்!

“நாலு அடிச்சா முழிச்சுக்குவேன். அதுக்கப்புறம் ஒத்தை மணி அடிக்கும் பாரு, அதுதான் எங்க தோட்டத்து நாலு மணி. அப்ப எழுந்து உக்காந்துக்குவேன். எங்கேயும் போக வேண்டியதில்ல. ஆனா மணி கேட்டாப் போதும்” என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் பழைய மணையோ, பெட்டியோ, உலக்கையோ கிடக்கலாம். குப்பைக்கு எறியுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது ரப்பர் மரத்தில் சாமான் செய்துதருகிறேன் என்றால், மருந்தேற்றிய மரமா என்று முதலில் கேளுங்கள். கேட்டால் எந்த ஆசாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடம் யாராவது அன்று கேட்டிருந்தால், ஒரு மூதாட்டியின் சாமி மேடையில் மாவு கொட்டியிருக்காது.