பைப்படிச் சிங்களம்

வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்கு ரயிலில்தான் போனேன். "ஓட்டோ பிடிச்சுத் தாறன், அந்தச் சனத்துக்குள்ள ஏன்?" என்றார்கள் தங்கியிருந்த வீட்டில். கேட்கவில்லை. கடலோரமாக பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை என்று ஊர்ந்து வந்து மருதானையில் இறங்கும்போது உடுப்பெல்லாம் உப்புக்காற்றில் பிசுபிசுத்திருந்தது. அம்மா இதே பாதையில் எதிர்ப்பக்கமாக மாதத்தில் ஒரு ஞாயிறு வெள்ளவத்தைச் சொந்தக்காரரைப் பார்க்கப் போவா. பொழுதுபடத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லுவா: "அங்க கடல் இருக்கு, காத்து இருக்கு, நல்ல பிளேன்ரீ குடுக்கினம். ஆனா ஒருத்தருக்கும் சிங்களம் வராது."

அதில் பொறாமை கொஞ்சம் இருந்தது. பொய் இல்லை. வெள்ளவத்தையில் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரலாம். மருதானையில் அது முடியாது. 1952இல் வடமராட்சியிலிருந்து கலியாணமாகி வந்த அம்மாவுக்கு அப்போது ஒரு சிங்களச் சொல்லும் தெரியாது. பொரளைக்குப் போகிற டிராம் மருதானையால் ஓடிய காலம். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அப்பா பிடித்திருந்த வீடு ஒரு லைன் வீடு. பதினொரு வீட்டுக்கு ஒரு பைப். விடிய நாலரைக்கு வாளிகள் வரிசையில் நிற்கும், வாளிக்குச் சொந்தக்காரிகள் திண்ணையில் இருந்து கதைப்பார்கள். அம்மாவின் பள்ளிக்கூடம் அதுதான். சிங்களத்தி, மலாய்க்காரி, முஸ்லிம், கொச்சிக்கடைப் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண் எல்லாரும் வாத்தியார்மார்.

"எங்கட பைப்படியில 'தாத்தா' எண்டு கூப்பிட்டா மூண்டு பக்கத்தால ஆக்கள் திரும்புவினம்" என்பா. முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. சிங்களவருக்கு அப்பா. எங்களுக்குக் கிழவர். கனடாவில், ஸ்காபரோவில் பிறந்த என் மகளுக்கு இதை விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போனது. "அப்ப ஆர் அம்மம்மா உண்மையான தாத்தா?" என்று அவள் கேட்க, "தண்ணி முதல்ல பிடிக்கிற ஆள்" என்றா அம்மா.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த தமிழர் சிங்களச் சோதினை எழுத வேண்டிய நிலை. அப்பா இலக்கணப் புத்தகம் வாங்கி, அரிக்கன் விளக்கில் படித்தார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம். "உங்கட சிங்களத்துக்குப் பல்லு இருக்கு, நாக்குத்தான் இல்லை" என்று அம்மா சிரிப்பா. அவவுக்கு மறுபக்கம்: ஒரு சிங்கள எழுத்தும் வாசிக்கத் தெரியாது, ஆனால் மாளிகாகந்தை மீன்காரன் அவவைத் தமிழ் என்று நம்பியதே இல்லை.

இந்த வித்தியாசத்தால்தான் 1983 ஜூலை 25, திங்கட்கிழமை காலை, பாண் வாங்க அப்பா போகவில்லை, அம்மா போனா. முதல்நாள் இரவு பொரளையில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய கலவர நெருப்பின் புகை எங்கள் வானத்துக்கும் வந்திருந்தது. எனக்கு 14 வயது. அம்மா பொட்டை அழித்தா, ஹவுஸ்கோட்டைப் போட்டா, பையை எடுத்தா.

திரும்பி வரும் வழியில் சந்தியில் நாலைந்து பெடியங்கள் மறித்திருக்கிறார்கள். ஒருவன் கையில் வாளி. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டானாம். அந்தக் கேள்வியைக் கொழும்புத் தமிழர் எல்லாருக்கும் தெரியும், 58 கலவரத்திலும் கேட்டார்கள். வாளிக்குச் சிங்களம் பால்திய. இங்கேதான் சிக்கல்: நான் எழுதியதை வாசிக்கிற உங்களுக்கு அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. தமிழில் 'ப' ஒன்றுதான். 'பஸ்'ஸில் வருகிற 'ப'வாகச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். 'பழ'த்தில் வருகிற 'ப'வாகச் சொன்னால் அவ்வளவுதான். எங்கள் எழுத்துக்கே தெரியாத ஒரு வேற்றுமையில் அன்றைக்கு ஆட்களின் உயிர் தொங்கியது.

முப்பத்தொரு வருஷம் விடியவிடியச் சொன்ன சொல். அம்மா சொன்னா. போக விட்டார்கள்.

இதற்கு மேல் ஒரு வால் உண்டு. "அது பால்திய எண்டு எனக்குத் தெரியும், உள்ள இருக்கிற சாமான் ஆற்றை எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று அவனைத் திருப்பிக் கேட்டதாகவும், அவன் தலையைக் குனிந்ததாகவும் அம்மா ஸ்காபரோவில் சொல்லாத கலியாண வீடில்லை. சபை விழுந்து சிரிக்கும். ஆனால் எனக்கு ஞாபகமிருக்கிறது: முதலில் சொன்ன கதையில் இந்த வால் இல்லை. அன்று பாணோடு வந்தவ அதை மேசையில் வைத்துவிட்டு அடுப்படி நிலத்தில் இருந்தா. அன்று முழுக்க ஒரு சொல் கதைக்கவில்லை. எப்போதும் கதைக்காத அப்பாதான் அன்று கதைத்தார். இருட்டியதும் பக்கத்து வீட்டுத் தாத்தா (முஸ்லிம் தாத்தா) சுவரால் ஏணி வைத்து எங்களை எடுத்தா. இரண்டு இரவு அங்கே. பிறகு இரத்மலானை முகாம், காங்கேசன்துறைக்குக் கப்பல். பிறகு கனடா. இதெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு வாலில்லாத கதைதான் பெரிது. வாலை ஒட்ட அவவுக்குப் பத்து வருஷமும் ஒரு குளிர்நாடும் வேண்டியிருந்தன.

குளிர்நாட்டைப் பற்றியும் வைத்திருந்தா: "கடவுள் பிரிட்ஜைத் துறந்து வைச்சிட்டு நித்திரையாப் போட்டார்." 1931இல் பிறந்தவ, இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த வருஷம். "நான் வாறன் எண்டு கேள்விப்பட்டுத்தான் வெள்ளைக்காரன் சட்டத்தை மாத்தினவன்." ஆனாலும் பகிடியில் பாதி அங்கே வீணாய்ப்போனது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளோடு ஒரு சொல் சண்டை பிடிக்க முடியாத ஊரில் அவவுக்கு என்ன வேலை? கடைசி வருஷங்களில் மறதி வந்ததோ என்று டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மூன்று சொல் சொன்னார், திருப்பிச் சொல்ல வேண்டும். நான் தமிழாக்கிக் கொடுத்தேன். அம்மா டொக்டரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தா. "இவனிட்டச் சொல்லு பிள்ளை, இந்தச் சோதினையை நான் எண்பத்திமூண்டிலயே பாஸ் பண்ணினனான். அப்ப ஒரு சொல்லுத்தான்." இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வரவில்லை. பேசாமல் இருந்தேன். டொக்டர் எதையோ குறித்துக்கொண்டார். 2019இல், 88 வயதில் போனா.

நிலையத்தால் வெளியே வந்து நடந்தேன். 1911இல் திறந்த டவர் மண்டபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எல்பின்ஸ்டனும் இருக்கிறது, அம்மா சிங்களப் படம் பார்த்து அழுதுவிட்டு "கதை நல்லாயில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிற கொட்டகை. பள்ளிவாசல், ஸாஹிரா மதில், பஞ்சிகாவத்தையின் பழைய இரும்பும் கிறீஸ் மணமும். எங்கே திரும்பினாலும் தாமரைக் கோபுரம் எட்டிப் பார்க்கிறது, கொழும்புக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. எங்கள் லைன் இல்லை. நாலு மாடிக் கட்டிடம் ஒன்று நிற்கிறது, அடியில் டயர்க் கடை. பைப் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். டயர் அடுக்கிய மூலைதான். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை, தாகம்தான் வந்தது.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை. வாசலில் வாளிகள் கயிற்றில் தொங்கின. உள்ளே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெடியன். நெஞ்சு அடித்துக்கொண்டது, சிரிப்பாகவும் இருந்தது. 'பஸ்'ஸில் வருகிற 'ப'வை வாய்க்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டுக் கேட்டேன்: "பால்தியக் கீயத?"

"செவப்பு எழுநூறு, நீலம் எழுநூத்தம்பது அக்கா. நீலத்துக்கு மூடி இருக்கு" என்றான், தமிழில்.

"எப்படித் தம்பி தெரியும் தமிழெண்டு? 'ப'வில பிடிச்சீங்களோ?"

அவனுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. வாளிக் கதை அவனுக்குத் தெரியாது. "சப்பாத்தப் பாத்தா விளங்கும் தானே அக்கா. வெளிநாடு."

நீலத்தை வாங்கினேன். மூடியைத் திறந்து மிளகாய்த்தூளும் சீனிச்சம்பலும் அடைத்துக் கொண்டுவந்தேன். இப்போது ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்டில், கசிகிற குழாய்க்குக் கீழே இருக்கிறது.