குதிரைக்கு எதற்கு ஸ்வெட்டர்?

மீரட்டுக்கு மாற்றலாகி வந்து மூன்றாவது குளிர்காலம் முடியப்போகிறது. ஜனவரி ராத்திரியில் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். திருநெல்வேலிக்காரனுக்கு இது தேவையா என்று வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள். ஸ்வெட்டர், ஜாக்கெட், மங்கி குல்லா சகிதம் ஆபீஸ் போகிற நான், குதிரையின் குளிரைப் பற்றி எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

இங்கே மாப்பிள்ளை ஊர்வலம் பெண் குதிரை மேல்தான். இந்தியில் ‘கோடி’ (வங்கிக்காரன் காதில் வேறு கோடியாகத்தான் விழும்!). எங்கள் கிளையில் கடன் வாங்கி இரண்டு வெள்ளைக் குதிரை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், டிசம்பர் முதல் வாரம் கடனைப் புதுப்பிக்க வந்தார். எல்லோருக்கும் அவர் ‘தாவ்ஜி’, நம்மூர் பெரியப்பா மாதிரி. ரிப்போர்ட் எழுத நேரில் போனேன்.

ஒரு குதிரை மார்பும் வயிறும் மழித்து, மேலே ஜூல் (குதிரைப் போர்வைதான்) போட்டு ஜம்மென்று நின்றது. இன்னொன்று சடைசடையாக முடியோடு, கரடி மாதிரி. போர்வையும் இல்லை. நோய்தான் என்று முடிவு கட்டி ‘பராமரிப்பு திருப்தி இல்லை’ என்று எழுதிவிட்டேன். பி.காம்.மில் குதிரை வரவில்லையே! ஃபைல் இரண்டு வாரம் நின்றது. அதற்குள் மார்கழி பிறந்து (இங்கேயும் அந்த மாதம் கல்யாணம் கிடையாது) அவர் வருமானமும் நின்றது.

தாவ்ஜி சண்டை போடவில்லை. “சாப், ஒருதரம் கை வைத்துப் பாருங்கள்” என்று கூட்டிப்போனார். முடிக்குள் விரல் விட்டு விலாவைத் தடவினேன். மேலே சில்லென்று, உள்ளே வெதுவெதுப்பு. விலா எலும்பின் மேல் நல்ல சதை. குளிரில் முடி நிமிர்ந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் ஸ்வெட்டர். மெல்லிசுப் போர்வையால் அமுக்கினால் அதுவும் போச்சு. இந்த முடி குளிரைப் பார்த்து மட்டும் வளர்வதில்லையாம். ஜூன் 21 தாண்டிப் பகல் குறைய ஆரம்பித்ததுமே உடம்பு தயாராகிறது என்றார் கால்நடை டாக்டர்.

அப்புறம் ஏன் மழிக்கணும்? வேர்வை! ஊர்வலத்தில் மாப்பிள்ளை பாரம், கனமான ஜரிகைத் துணி, இரண்டு மூன்று மணி நேர நடை. சடைமுடி நனைந்தால் லேசில் காயாது, குளிர் உள்ளே ஏறிவிடும். அதனால் வேர்க்கிற இடத்தில், கழுத்தின் அடி, மார்பு, வயிறு மட்டும் மழிக்கிறார். முதுகையும் காலையும் தொடுவதில்லை. “முடியை எடுத்தவன்தான் போர்வையும் தரணும்” என்றார். அதையும் ஈர உடம்பில் அப்படியே போட்டுவிட்டுப் போகக்கூடாது. வைக்கோலால் தேய்த்து, மெதுவாக நடத்தி, காய்ந்த பிறகுதான். வெயில் வந்ததும் கழற்றி உதறணும். எல்லாவற்றையும்விட முக்கியம் உலர்தீனி. குடலில் அது நொதிக்கிற சூடுதான் ராத்திரி காப்பாற்றுகிறது.

சடைக்குதிரைக்கு வயசாகிவிட்டது, இந்த சீசனில் ஓய்வு. வேலை இல்லை, வேர்வை இல்லை, மழிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். வயசான குதிரைக்கு மே மாதத்திலும் முடி கொட்டாவிட்டால்தான் டாக்டரிடம் காட்டணுமாம்.

ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன், பணம் போனது. ஆனால் அந்த இரண்டு வாரத் தீனிக்கு அவர் வெளியே நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார். அவர் சொல்லவில்லை, எங்கள் பியூன்தான் சொன்னார்.

போன ஞாயிறு மன்னிப்பு கேட்கப் போனேன். டீ வரவழைத்தார், வட்டியைப் பற்றிப் பேச விடவில்லை. சடைக்குதிரை வந்து என்மேல் உரசியது. முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. என் கறுப்பு ஜாக்கெட் முழுக்க வெள்ளை முடி, வீட்டுக்காரி இன்னும் பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள்.