கலோரிக் கணக்கும் பண்ணைக் காற்றும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர்கள் இருந்தால் தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் கணக்குப் பகுதியைத் தாண்டிப் போனாலும் கோபிக்க மாட்டோம்.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிளுக்கு மாறிய ஆசிரியர்கள் நாங்கள் ஐந்து பேர். கியூஆர் வந்தது, பிறகு வரிசையும் போய்விட்டது. நாங்கள் சைக்கிளை விடவில்லை. இரண்டு பேர் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் படிப்பிக்கிறோம், ஒரு வழி 10 கிலோமீற்றர். மற்ற மூவரும் நகருக்குள். எங்களில் மூன்று பேர் பெண்கள்.

இந்தப் பதிவுக்குக் காரணம் இரண்டு சம்பவங்கள்.

முதலாவது, எங்களில் ஒருவரின் மாமா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சீனிக்குப் பல வருடமாகக் குளிசை. லண்டனில் இருக்கும் மகன் காசு அனுப்பி, விறாந்தையில் ஒரு உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறது. அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் மிதிப்பார், மகனோடு வாட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டே. முடிந்ததும் சின்னத் திரையைப் பார்ப்பார். "இண்டைக்கு 312 எரிச்சாச்சு, ரெண்டு பராட்டாவுக்குக் காணும்." மூன்று மாதம் ஒரு நாளும் விடாமல் மிதித்தார். கிளினிக்கில் எச்பிஏ1சி பார்த்தபோது குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. மெசினை விற்கச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது, எங்களோடு ஓடும் ஒரு ரீச்சர். இன்சுலின் போடுபவர். கைக்கடிகாரத்தில் கலோரி பார்ப்பவர். சோளகக் காற்று அடிக்கும் ஒரு நாள் காலை, வழமையான ஊசி, ஒரு துண்டு பாண், தேத்தண்ணீர். பண்ணைப் பாலத்தின் நடுவில் கை நடுங்கத் தொடங்கியது, கண் இருட்டியது. இறங்கி நின்று, பையில் இருந்த இரண்டு டொபியைச் சாப்பிட்டுச் சமாளித்தார், அல்ஹம்துலில்லாஹ். கடிகாரம் அப்போது காட்டியது, வழமையைவிடக் குறைந்த கலோரி.

ஒரு எண் கூடக் காட்டியது, இன்னொன்று குறையக் காட்டியது. இரண்டையும் நம்பியவர்களுக்குத்தான் கஷ்டம். அதனால் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருந்து ஒரு விற்றராசை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

காற்று எழும்ப முதல், விடியற்காலையில், ஒருவர் சைக்கிளில் மிதிக்காமல் இருக்க இன்னொருவர் விற்றராசில் கயிறு கட்டி மெதுவாக இழுத்தார். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. தார் றோட்டில், ரயர் நன்றாக அடித்திருந்தால், வாசிப்பு சுமார் 7 நியூற்றன். ரயர் தொய்ந்திருந்தால் 11, 12. இது றோட்டின் உராய்வு. காற்றின் தடை தனி. நிமிர்ந்து இருந்து மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடும் ஒருவருக்கு, காற்றே இல்லாத நாளில், அது சுமார் 6 நியூற்றன். மொத்தம் 13. பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளே செய்வார்கள்: வேலை = விசை × தூரம். 13 நியூற்றன், 10,000 மீற்றர், 130 கிலோயூல்.

இதைக் கலோரியாக்குவதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு கிலோகலோரி சுமார் 4.2 கிலோயூல். ஆனால் உடம்பு எரிப்பதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் பெடலுக்கு வந்து சேர்கிறது, மற்றதெல்லாம் சூடு. நாலால் பிரித்து நாலால் பெருக்குவது போல. ஆகவே பெடலில் செய்த கிலோயூல் எவ்வளவோ, உடம்பு அதற்காக எரித்த கிலோகலோரியும் ஏறக்குறைய அவ்வளவே. இந்த வினைத்திறனை அளந்ததும் ஓடாத சைக்கிளில்தான். அமெரிக்காவில் பெனடிக்ட், காத்கார்ட் என்ற இருவர் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் ஆட்களை வைத்துச் செய்த அளவீடுகளை 1913இல் வெளியிட்டார்கள். விறாந்தைச் சைக்கிளை ஏளனம் செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆக, 10 கிலோமீற்றருக்கு 130 கிலோகலோரி. அந்த 40 நிமிடம் சும்மா கதிரையில் இருந்தாலும் எரிந்திருக்கும் 45ஐச் சேர்த்தால் 175. உடற்பயிற்சி அட்டவணைகளில் மணிக்கு 16 கிலோமீற்றருக்குக் குறைந்த சைக்கிள் ஓட்டத்துக்கு 4 மெற் என்று போட்டிருப்பார்கள். அதாவது ஒரு கிலோ உடல் நிறைக்கு மணிக்கு 4 கிலோகலோரி. 70 கிலோ ஆளுக்கு 40 நிமிடத்தில் 187. விற்றராசும் கயிறும் இவ்வளவு கிட்ட வந்தது எங்களுக்கே சந்தோசம்.

130 கிலோகலோரி என்றால் என்ன? சமைத்த சோறு 100 கிராம். அல்லது ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை விடக் கொஞ்சம் கூட.

இப்போது காற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஏற்றம் இல்லை, சைக்கிளுக்குச் சுகமான ஊர் என்று வெளியில் இருந்து வருபவர்கள் சொல்வார்கள். அவர்களை ஆவணியில் வல்லை வெளியில் பருத்தித்துறையில் இருந்து திரும்பி வரச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் காற்றுத்தான் மலை.

சோளகம் மணிக்கு 15 கிலோமீற்றரில் எதிரே அடிக்கிறது என்று வையுங்கள். பண்ணையால் போகும்போது வேகம் 10க்கு இறங்கும். ஆனால் உடம்பில் படும் காற்று 25. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. அது சுமார் 17 நியூற்றன், றோட்டு 7, மொத்தம் 24. 10 கிலோமீற்றருக்கு 240 கிலோகலோரி. திரும்பி வரும்போது காற்று முதுகில், வேகம் 20, காற்றுத் தடை ஒன்றுக்கும் குறைவு. 80 கூட வராது. "போகேக்க கஷ்டம், வரேக்க சுகம், ரெண்டும் சரியாப் போகும்" என்று சொல்வது சரியில்லை. காற்றில்லாத நாளில் போய்வர 260. காற்று நாளில் 320. ரீச்சர்மார் அபாயாவோடு ஓடினால் பாய் கட்டிய வள்ளம் மாதிரி, இன்னும் கூடும்.

வேகத்தை வைத்துக் கலோரி சொல்லும் செயலிகள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. 10 கிலோமீற்றர் வேகமா, மெதுவான ஓட்டம், குறைந்த கலோரி. 20 கிலோமீற்றரா, கடும் பயிற்சி. அவற்றுக்குக் காற்றுத் தெரியாது. அந்த ரீச்சரின் உடம்பு அன்று காலை இரட்டிப்பு வேலை செய்துகொண்டிருந்தது, கடிகாரம் "இன்று லேசான நாள்" என்றது.

இதயத் துடிப்பைப் பார்க்கும் கடிகாரமும் பெரிய உத்தரவாதம் இல்லை. 2017இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு வகைக் கருவிகளை 60 பேரில் சோதித்தார்கள். துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாக அளந்தன. கலோரியில் ஆகத் திறமானதே சராசரியாக 27 வீதம் பிழை, ஆக மோசமானது 93 வீதம். அதோடு எங்கட வெக்கை. மின்விசிறி இல்லாத விறாந்தையில் அரை மணி மிதித்தால், வேலை கூடாமலே துடிப்பு கூடும், ஏனென்றால் இரத்தம் தோலைக் குளிராக்கவும் ஓட வேண்டும். வியர்வை கலோரி அல்ல. பனியன் நனைந்தது உடம்பு குளிர முயன்றதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

இனி மாமாவின் 312. அரை மணியில் 312 எரிய வேண்டுமென்றால் பெடலில் சுமார் 150 வாற்று வலு தொடர்ந்து வேண்டும். அது காற்றில்லாத நாளில் பண்ணைப் பாலத்தில் மணிக்கு 24 கிலோமீற்றரில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவதற்குச் சமன். லண்டனுக்குக் கோல் எடுத்துக் கதைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. மாமாவிடம் அனுமதி கேட்டு, இறுக்கும் குமிழை முழுதாகத் தளர்த்திவிட்டு, அதே வேகத்தில் ஒருவர் மிதித்துப் பார்த்தோம். எண் அதேபோல் ஏறியது. முழுதாக இறுக்கினோம், அப்போதும் அப்படியே. அந்த மெசின் சக்கரம் எத்தனை தரம் சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுகிறது. மிதிப்பவரின் நிறையையும் கேட்கவில்லை. கேட்காமலே கலோரி சொல்கிறது! மாமாவின் மிதிப்பு 50 வாற்று என்று தாராளமாக வைத்தாலும் 90 கிலோகலோரி. மிச்சம் 200க்கு மேல் பராட்டாவாக உள்ளே போயிருக்கிறது, ஒவ்வொரு நாளும்.

இதை மாமாவுக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்ப மூண்டு மாசம் வீணா?" என்று கேட்டார். வீண் இல்லை மாமா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்தில் இருந்து சீனியை எடுக்கும். மிதித்து முடித்த பிறகும் ஒரு நாள் வரை, சிலவேளை அதற்கு மேலும், உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். அந்தப் பலன் 90 கலோரியா 312ஆ என்று பார்த்து வருவதில்லை. மெசின் தன் வேலையைச் செய்தது. அதன் திரை சொன்னதைச் சாப்பிட்டதுதான் சிக்கல். இப்போது திரையில் ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிறார். நேரம் மட்டும் தெரிகிறது. மெசின் விற்கப்படவில்லை.

இடையில் ஒன்று. எங்களோடு படிப்பிக்கும் சேர் ஒருவர் சொன்னார், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்களாம். எங்கள் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்த வருடங்கள் அவை, ஆகவே கேள்விதான். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற்று. செய்தி முடியக் கை உளைந்து போகுமாம். 3 வாற்று மின்னுக்கே அப்படி என்றால், 150 வாற்று என்று ஒரு திரை சுகமாகச் சொல்வதை எப்படி எடுக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பெண்கள் அதிகம் கேட்கிறார்கள். வெளியில் ஓடினால் ஆட்கள் கதைப்பார்கள் என்ற பயம் இருப்பது எங்களுக்குத் தெரியும். எங்களையும் கதைத்தார்கள், பிறகு அலுத்து விட்டுவிட்டார்கள். ஆனால் வெளியில் வராதவர் குறைந்தவர் இல்லை. வீட்டு மெசினில் சந்தியில் நிற்பதில்லை, காற்றுத் தள்ளுவதில்லை, மிதிக்காமல் உருள முடியாது. 30 நிமிடம் என்றால் 30 நிமிடமும் மிதிப்புத்தான். குமிழை இறுக்கி, கதைக்கலாம் ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது நல்ல பயிற்சி. மின்விசிறியை முன்னால் வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் மிதிக்க முதல் விரலில் குத்திப் பாருங்கள். டொபியோ குளுக்கோசோ சட்டைப் பையில் இருக்கட்டும், கரியரில் கட்டிய பையில் அல்ல. எதிர்காற்று நாளைப் பெரிய நாளாகக் கணக்கெடுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், கிளினிக்கில் "நான் சைக்கிள் ஓடுகிறேன், இவ்வளவு நேரம்" என்று சொல்லிக் கேளுங்கள். நோன்பு வருவதற்கு முன் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அஸருக்குப் பிறகு வெறும் வயிற்றில் மிதிக்கும் நேரம்தான் ஆக ஆபத்தானது.

வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்கு ஐந்து சந்தியில் விற்றராசோடு நிற்போம். உங்கள் சைக்கிளின் வாசிப்பை அறிய விரும்புபவர்கள் வாருங்கள். ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டு வந்தால் நல்லது, பம்ப் ஒன்று எங்களிடமும் இருக்கும். மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மெசினை அல்ல, பழைய லுமாலாவை எடுத்துக்கொண்டு.