தோள் வலித்தால் காற்று தடுமாறும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, குவாலா கங்சார் போகிற பாதையில் இருக்கிறது சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் பால்மரம், அதாவது ரப்பர். இன்று பல இடங்களில் செம்பனை. தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது அங்கிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் ஓர் அக்காவைப் பார்க்கத்தான் போனேன். சளி மாதிரிகளில் காசநோய்க் கிருமியைத் தேடுவது அவர் வேலை.

மாதிரிகள் திறந்திருக்கும்போது வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். புதியவர்களுக்குப் பயிற்சி தரும் அறையில், வண்ணத் தண்ணீர் நிரப்பிய குழாய்களை வைத்துக்கொண்டு அக்கா செய்து காட்டினார்.

மாதிரிகளைத் திறந்து கையாளும் பாதுகாப்பு கேபினட் என்பது எஃகுப் பெட்டி. முன்னால் ஒரு கண்ணாடி. அதன் அடியில் கை நுழைய ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக அறைக்காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே இழுக்கப்பட்டு, விளிம்பில் உள்ள துளைத்தட்டுக்குள் இறங்குகிறது. மேலிருந்து வடிகட்டிய காற்று மாதிரியின்மேல் இறங்குகிறது. வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். ஆனால் அந்த இடைவெளியில் கிருமிக்கும் முகத்துக்கும் நடுவே இருப்பது ஓடும் காற்று மட்டுமே.

அக்கா புகைக்குச்சி ஒன்றை அந்த இடைவெளியில் பிடித்தார். புகை நேராகத் துளைகளுக்குள் இறங்கியது. “பின்னால வேகமா நடந்து போ தம்பி” என்றார். நடந்தேன். புகை ஒரு கணம் வெளியே வளைந்து, பிறகு உள்ளே போனது. கேபினட்டைக் கதவோரத்திலும் ஏர்கான் நேராக அடிக்கும் இடத்திலும் வைக்கக் கூடாது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வேலை தொடங்குமுன் அவர் முதலில் சரிசெய்தது நாற்காலியை. கண்ணாடியின் கீழ்விளிம்பும் தன் அக்குளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தினார். அவர் உயரம் குறைவு. கால் தரையில் எட்டவில்லை. காலடியில் ஒரு கட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இது சொகுசுக்கு இல்ல. தோள் வலிச்சா முழங்கை தானா இறங்கும். இறங்கி எங்க உக்காரும்? அந்தத் துளைத்தட்டு மேலதான். துளை அடைபட்டா காத்து வெளிய வரும்.” அரை மணிக்கொரு முறை கையை எடுத்துத் தோளைத் தளர்த்துவதும் இதற்காகத்தான்.

மற்ற ஒழுங்குகளும் காற்றை மதிப்பவைதான். கேபினட்டின் விசிறி ஐந்து நிமிடம் ஓடிய பிறகே வேலை. தேவையானதெல்லாம் முன்கூட்டியே உள்ளே போய்விட வேண்டும். கை நேராக நுழைந்து, ஒரு நிமிடம் அசையாமல் இருந்து, பிறகே தொடங்கும். சுத்தமானது ஒரு பக்கம், வேலை நடுவில், கழிவு மறுபக்கம், கழிவுப்பையும் உள்ளேயே. பன்சன் அடுப்பு கூடாது. சுடர் காற்றோட்டத்தைக் கலைக்கும், வடிகட்டியையும் கெடுக்கும்.

அங்கியின் கைப்பட்டையை மூடியபடி நீலக் கையுறை. கையுறை என்றதும் ரப்பர்தான் நினைவுக்கு வரும்: 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று பக்கத்துக் குவாலா கங்சாரில் இன்றும் நிற்கிறது. உலகுக்கே கையுறை அனுப்பும் நாடு இது. ஆனால் அக்கா போட்டிருந்தது நைட்ரில், செயற்கை ரப்பர். பால்மரத்துப் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். விசிறி ஓடிக்கொண்டே இருக்க, பின்சுவர், பக்கச்சுவர், கண்ணாடியின் உட்புறம், கடைசியில் தளம் என்று துடைத்துவந்தார். கிருமிக்கேற்ற மருந்து, அது ஈரமாக நிற்க வேண்டிய நேரம், இரண்டும் முக்கியம். குளோரின் கலந்ததைப் பூசினால் பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் எஃகு அரித்துப்போகும். பிறகு தளத்தகட்டைத் தூக்கினார். அடித்தொட்டியில் ஒரு துண்டு டிஷ்யூவும், காய்ந்த சொட்டின் வளையமும். “மேல பளபளன்னு இருக்கும். கீழ யாரும் பாக்கறதில்ல.” புற ஊதா விளக்கைப் போட்டால் போதாதா என்று கேட்டேன். நிழல் விழும் இடத்துக்கு அந்த ஒளி எட்டாது, தூசி படிந்தால் வலுக்குறையும், கண்ணையும் தோலையும் சுடும். துடைப்பதற்கு அது ஈடாகாது என்றார்.

பேராக்காரர்களுக்குக் கிருமி ஆபத்து தூரத்து விஷயமல்ல. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப்பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய வகை என்றே நினைத்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார், அதுதான் நிப்பா. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத குழாயை முதலில் யாராவது திறந்துதானே ஆகவேண்டும்?

அக்காவின் அம்மா இருட்டு விலகுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவர். தோள்வலியும் முதுகுவலியும் அவருக்கு வேலையோடு சேர்ந்தே வந்தவை. எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மகளின் ஆய்வுக்கூடத்தில், ஆண்டுக்கொரு முறை காற்றுவேகத்தைச் சோதித்து ஒட்டும் சான்றுச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்குகிறது. விசிறிச் சத்தம் மாறினாலும் எழுத வேண்டும்; வேலை செய்பவருக்குத் தோள் வலித்தாலும் எழுத வேண்டும். இரண்டும் அங்கே பழுதுதான், இரண்டையும் சரிசெய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. கேபினட்டுக்குப் பணம் ஒதுக்கும் இடங்கள் நல்ல நாற்காலிக்கும் ஒதுக்கட்டும்.