முதல் ஏழு இலக்கம்

பதினோராம் தரப் பிள்ளைகளுக்குத் தரவுப் பாதுகாப்பு படிப்பிக்க, புது அடையாள அட்டை இலக்கமே போதும். கரும்பலகையில் 2009574 என்று எழுதினேன். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த நாள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் 500 கூட்டியிருக்கும். ஆக, 74ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 என்று வைத்து எண்ணினால் மார்ச் 14.

"மிஸ், அப்ப எங்கட பிறந்தநாள் எல்லாருக்கும் தெரியுமே!"

தெரியும்தான். தலைமன்னார் பியர் பக்கம் போட்டோ கொப்பி எடுக்கையில் பிழையாக விழுந்த தாள் எங்கே போகிறது? வட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டைப் படம் எத்தனை ஃபோனில் கிடக்கிறது? வகுப்பு அமைதியாகிவிட்டது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்ததும் கொட்டாவி (குறை சொல்லமாட்டேன், எனக்கும் வந்தது). பிறந்தநாளையே ஃபோன் பூட்டுக்கு வைத்திருந்தவர்கள் மட்டும், மாற்றுவது எப்படியென்று கேட்டு மணி அடித்த பிறகும் நின்றார்கள்.